திரை ஏன் மங்கல்?

"மங்கலா இருக்கு தம்பி" என்றார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள்.

கம்ப்யூட்டர் தம்பிக்குச் சுருக்கென்றது. இருந்த வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவனுக்கு இதுதான் முதல் ஆர்டர். அதுவும் அக்கா புருஷனின் மூக்குக்கண்ணாடிக் கடை. கேமரா முன் உட்கார்ந்து பிடித்த கண்ணாடியின் படத்தைத் தொட்டால், திரையில் தெரியும் முகத்தில் அது ஏறி உட்காரும்.

"ஒரு வாரமா வர்றவங்க எல்லாம் இதே பாட்டுதான் மச்சான்" என்றார் அத்தான், தலை நரைக்கும்வரை கண்ணாடி விற்றவர். "இன்னிக்குச் சரியாகலேன்னா இதைக் கழட்டிட்டுப் பழையபடி முகம் பார்க்கிற கண்ணாடியையே மாட்டிடுவேன்."

தம்பி மடிக்கணினியைத் திறந்தான். படம் பிடிப்பது ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கணினி மொழி. முகத்தை அளந்து கண்ணாடி மாட்டுவது சி பிளஸ் பிளஸ் என்கிற இன்னொரு மொழி. ஒவ்வொரு படத்தையும் சுருக்கித்தான் அங்கே அனுப்பிக்கொண்டிருந்தான். சுருக்கினால் மங்காதா? முழுசாக நகலெடுத்து அனுப்பினான்.

படம் பளிச்சென்று வந்தது. ஆடி அசைந்து வந்தது. அம்மாள் தலையைத் திருப்பி, மறுபடி நேராக உட்கார்ந்த பிறகுதான் திரையில் இருந்தவர் திரும்பவே தொடங்கினார்.

"என்ன மச்சான், ஆளுக்குப் பின்னாடி படம் நடந்து வருது?"

"நகலெடுக்கிறதுலயே நேரம் போயிடுது அத்தான். இருங்க."

நகலே வேண்டாம். நினைவகத்தில் ஒரே இடம். ஒரு மொழி படத்தை அங்கே எழுதட்டும், மற்றது அங்கேயே படிக்கட்டும். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. மனைவியின் கைப்பை, குடை, இன்னும் என்னென்னவோ சுமந்து நின்ற கணவர் ஆர்வத்தில் குனிந்து எட்டிப் பார்த்தார். ஒன்று படித்து முடிப்பதற்குள் மற்றது அடுத்த படத்தை அதன்மேலேயே எழுதிவிட்டது. ஒரு கணம் திரையில் மேல்பாதி அம்மாளின் நெற்றி, கீழ்ப்பாதி கணவரின் மீசை.

கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றார் அம்மாள், திரையைப் பார்த்தபடியே.

தம்பி அசரவில்லை. இரண்டு இடம் வைத்தான். ஒன்றில் எழுதும்போது மற்றதில் படி, முடிந்ததும் மாற்றிக்கொள்.

அவ்வளவுதான். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அம்மாள் இமைத்தால் அதுவும் இமைத்தது. அத்தான் முதுகில் தட்டினார். தம்பி மனசுக்குள் விசிட்டிங் கார்டே அச்சடித்துவிட்டான்.

"இப்ப எப்படிம்மா?"

அம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. வந்தப்ப எப்படி மங்கலா இருந்துச்சோ, அப்படியேதான் இருக்கு."

தம்பி அத்தானைப் பார்த்தான். அத்தான் திரையைப் பார்த்தார்.

கணவர் கைப்பையையும் குடையையும் ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையை விரித்தார்.

"அவ கண்ணாடி என்கிட்டல்ல இருக்கு தம்பி! இது இல்லாமப் பார்த்துத்தான் என்னையே கட்டிக்கிறேன்னு சொன்னா."