ஜாக்கி அண்ணாச்சியின் கூரை

ஷார்ஜாவில் தலைக்கு மேல் இருக்கும் எதையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஜாக்கி அண்ணாச்சிதான். புது இடத்துக்குப் போனால் நாமெல்லாம் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்போம். அவர் கூரையைப் பார்ப்பார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை சர்ச்சில் அவர் அண்ணாந்து நின்றதைப் பார்த்துப் பாதிரியாரே ஒருமுறை உருகிப்போனார். அண்ணாச்சி எண்ணிக்கொண்டிருந்தது இரும்பு உத்தரங்களை.

கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். ஷட்டரிங் கார்பெண்டர். கான்கிரீட் இறுகும்வரை அது கீழே வந்துவிடாமல் பலகை அடித்து, அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்பு ஜாக்கிகளை நிறுத்தும் வேலை. பகலெல்லாம் கூரையைத் தாங்கிப் பிடித்தவருக்கு, தானாக நிற்கிற கூரையைக் கண்டால் சந்தேகம் வராதா?

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த ரூம் ரோலா கடைத்தெருவுக்குப் பின்னால், சந்துக்குள் சந்தில் இருந்த ஒரு பழைய கட்டடம். சுவர் பவளக்கல். கூரை கண்டல் மரக் கழிகள், மேலே ஈச்சம்பாய், அதற்கும் மேலே மண். பாய்மரக் கப்பலில் வந்தவர்கள் சரக்குக்கும் காற்றுக்கும் காத்திருந்து தங்கிய சத்திரம் என்று கட்டடத்துக்கார அரபி சொல்லியிருந்தார். நான் அந்தப் பக்கத்து டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தேன். இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் எட்டுப் பேர் அங்கே குடியிருந்தோம்.

எங்கள் அறை ரயில் பெட்டி போல நீளமாக இருக்கும், அகலமே கிடையாது. காரணத்தை அண்ணாச்சிதான் கண்டுபிடித்தார்.

"கழி ஆப்பிரிக்கால இருந்து வந்ததாக்கும். பத்தடிதான் நீளம். கழி எத்தன அடியோ ரூமும் அத்தன அடி. எஞ்சினியர் யாரு? மரந்தான்!"

வாசல் கதவு மலபார் தேக்கு. அதை மட்டும் அவர் நம்பினார். டியூட்டிக்குப் போகும்போது, "வரட்டா, ஊர்க்காரரே?" என்று அதைத் தட்டிவிட்டுத்தான் போவார். விருந்தாளி வந்தால் கட்டட வரலாறு சொல்லாமல் விடமாட்டார். ஜனவரியில் நூறு வயதாக இருந்த கட்டடம் மார்ச்சில் முந்நூறைத் தாண்டி, மே மாதம் போர்த்துக்கீசியத் தளபதி ஒருவர் என் கட்டிலில் படுத்து எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் அசந்து தூங்கும்போது துடைப்பக் கட்டையோடு வருவார். ஒவ்வொரு கழியாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. மூலையில் கோணலாகக் கிடந்த கழியின் பெயர் 'மச்சினன்'.

"இவன் பாரம் தாங்கமாட்டான். சும்மா எடத்த அடச்சிட்டுக் கெடக்கான்."

அந்த மச்சினனுக்குக் கீழேதான் அவர் கட்டில். மூத்தவர், ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்று நாங்கள் பொருமுவோம்.

ஒரு டிசம்பரில் இரண்டு நாள் மழை பெய்தது. மேலே மண் ஊறி, ஒரு கட்டி சாம்பாரில் விழுந்தது. மறுநாளே அண்ணாச்சி சைட் ஸ்டோரில் கழித்துப் போட்ட ஜாக்கிகளைக் கேட்டு வாங்கி, பிக்கப்பில் ஏற்றி வந்து, கட்டில்களின் தலைமாட்டில் வரிசையாக நிறுத்தினார். அறை கல்யாணப் பந்தலாகிவிட்டது. எங்களில் அறந்தாங்கி செல்வத்துக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, பொரண்டு படுக்கணும்னா ஒங்க ஜாக்கிகிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"உசுரோட பொரளணும்லா மக்கா!"

பிறகு லுங்கி காயப்போட வசதியாக இருக்கிறது என்று பழகிப்போனோம். அப்போதுதான் வந்தது செய்தி. பழைய கட்டடங்களைச் சோதிக்க முனிசிபாலிட்டி எஞ்சினியர் வருகிறார், ஆபத்து என்று எழுதினால் அன்றே கரண்ட் கட். எட்டுப் பேரும் எட்டுத் திசைக்குப் போகவேண்டும். எனக்கு ஊருக்கு வெளியே முவைலாவில் யாரோ ஒருவர் தொழிலாளர் கேம்ப்பில் மேல்கட்டில் தருவதாகச் சொன்னார். எல்லாரும் லீவு போட்டு, அறையைக் கழுவி, ஊதுபத்தி ஏற்றிக் காத்திருந்தோம். ஜாக்கிகளை எடுக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவை எங்கள் கண்ணுக்குத் தெரிவதையே நிறுத்தி நாளாகியிருந்தது.

எஞ்சினியர் அரபி, உடன் ஒரு மலையாளி உதவியாளர். எஞ்சினியர் உள்ளே காலை வைத்தார், ஜாக்கிகளைப் பார்த்தார், காலை வெளியே எடுத்துக்கொண்டார்.

"கலாஸ்!" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

"கூரை விழப்போகுதுன்னு சார் பறயுந்நு. எல்லாரும் காலி செய்யணும்," என்றார் உதவியாளர்.

எல்லாரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தோம். செல்வம் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணாச்சி மெதுவாக முன்னே வந்தார். அவருக்குத் தெரிந்த இந்தி ஒரு கைப்பிடிதான்.

"சாப், பில்டிங் டீக் ஹை. டர்... டர் மேரா ஹை."

கட்டடம் நன்றாக இருக்கிறது, பயம் என்னுடையது. உதவியாளர் அதை அரபியில் சொன்னார். இப்படி ஒரு வாக்குமூலத்தை எஞ்சினியர் அதுவரை கேட்டிருக்க மாட்டார். ஆபத்து என்று எழுத எடுத்த பேனாவை மூடிவிட்டார்.

எங்களை முற்றத்துக்கு விரட்டிவிட்டு, கூரை தானாக நிற்கும் என்று காட்ட அண்ணாச்சி தனியாக ஜாக்கிகளைத் தளர்த்த ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. ஆறாவதைத் திருகும்போது மேலே 'க்ரக்' என்றது. செல்வம் வேளாங்கண்ணி மாதாவையும் முனியாண்டியையும் ஒரே மூச்சில் கூப்பிட்டான். கொஞ்சம் தூசி உதிர்ந்தது, அவ்வளவுதான். கடைசி ஜாக்கியும் வந்துவிட்டது. கூரை அசையவில்லை. நடு அறையில் நின்ற அண்ணாச்சி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினியர் உள்ளே போய்த் துடைப்பக் கட்டையை வாங்கிக் கழிகளைத் தானே தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தன் தாத்தா வீட்டிலும் இதே கழிதானாம். கூரைமேல் இருக்கிற தண்ணீர்த் தொட்டியைக் கீழே இறக்குங்கள், மூலைக்கழியை மாற்றுங்கள், பயமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் சுவரைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று செல்வம் இன்றும் சொல்லித்திரிகிறான். சும்மா சாய்ந்துதான் நின்றேன்.

டீ குடித்துக்கொண்டே செல்வம் முற்றத்தில் கிடந்த ஜாக்கிகளை எண்ணினான்.

"ஏழுதான் இருக்கு. கட்டில் எட்டுல்ல?"

எங்கள் ஏழு பேரின் தலைமாட்டிலும் ஒவ்வொன்று நின்றது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. மூலையில், மச்சினனுக்கு அடியில், ஒன்றும் நின்றதில்லை. மழைக்குப் பிறகு இத்தனை வாரம் அவர் அங்கேதான் படுத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"ஸ்டோருல ஏழுதான் கெடந்துது மக்கா," என்று அவர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

எங்கள் ஏழு கட்டில்களையும் இடித்து நெருக்கி, அவர் கட்டிலை மச்சினனுக்குக் கீழிருந்து நடுவில் இழுத்துப் போட்டோம். கை துடைத்தபடி வந்தவர் அதைப் பார்த்தார். படுத்தார். கூரையை ஒருமுறைகூடப் பார்க்காமல் தூங்கிப்போனார்.