திருச்சியிலிருந்து வந்த இரண்டு டப்பாக்களும் ஒரு பாட்டிலும்

புதுக்கோட்டை
1943 மார்ச்சு 16, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கொழுந்தனார் குழந்தைசாமி அவர்களுக்கு, மதினி மரிய சொர்ணம் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இவ்விடம் நானும் காத்தாயியும் பசுமாடும் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

முதலில் ஒரு திருத்தம். நான் மோட்டார் வண்டியோடு பேசுகிறேன் என்று இந்தத் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அதை நம்பி, மதினிக்கு மனது சரியில்லை, வண்டியை விற்றுவிட்டால் சரியாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வண்டியோடு பேசுவதில்லை. அறுபத்தெட்டு வயதில் ஓர் இரும்புச் சாமானோடு உட்கார்ந்து பேசும் அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கவில்லை. வண்டியின் கதவில் தெரிகிற உங்கள் அண்ணனோடுதான் பேசுகிறேன். அதுவும் காலையில், காப்பிக்குப் பிறகு, அரை மணி நேரம். அவர் பதில் சொல்வதில்லை. உயிரோடு என்னோடு வாழ்ந்த நாற்பத்தொன்பது வருஷத்திலும் அவர் அதிகம் பதில் சொன்னவரல்ல, ஆகையால் அதில் எனக்கு விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. இன்னொன்று. உங்கள் கடைக் குமாஸ்தா டைப் அடித்து, அடியில் நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புவதைக் குடும்பக் கடிதம் என்று நான் எண்ணுவதில்லை. பிள்ளைப் பருவத்தில் உங்களுக்கு எழுத்துத் திருத்தமாக வர நான் பட்ட பாட்டுக்கு இதுவா பலன் என்றுதான் எண்ணுகிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டிருந்தீர்கள். பெட்ரோல் கூப்பன் நின்றதிலிருந்து வண்டி செங்கல்மேல் நிற்கிறது. நிற்கிற வண்டிதானே என்று அழுக்காக விட்டுவைப்பது என் வழக்கமல்ல. கப்பல் வராததால் இவ்வூர்க் கடையில் நல்ல மெழுகு கிடைக்கவில்லை. அப்போதுதான் உங்கள் அண்ணனின் அடக்கப் பூசையில் பெட்டியைச் சுற்றி எரிந்த ஆறு மெழுகுவர்த்திகளின் மிச்சம் அலமாரியில் இருப்பது ஞாபகம் வந்தது. துக்கப் பூசைக்கு எரிப்பது வெளுக்காத பழுப்புத் தேன்மெழுகு. நான் படித்த கான்வென்டில் தங்கும் கூடத்துத் தரையை அதைக் கொண்டுதான் மெருகிடுவோம். துருவி, டர்பண்டைனில் கரைத்து, பழைய பிளானல் துணியால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முகம் தெரியும்வரை தேய்க்காதவளுக்குச் சாப்பாடு இல்லை என்பார் மதர். நவம்பரில் அப்படித்தான் வண்டி முழுதும் தேய்த்தேன். முகம் தெரிந்தது. என் முகத்துக்குப் பின்னால் உங்கள் அண்ணனின் முகமும் தெரிந்தது, மூக்குக்கண்ணாடி போடாமல். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் முருங்கை மரம்தான் நின்றது. மறுபடி கதவைப் பார்த்தேன், அவர் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுவது அவர் குணம்தானே என்று எண்ணி, தேய்த்து முடித்துவிட்டுப் போய்க் குளித்தேன். வண்டி துடைக்க என்னோடு நின்ற வேலைக்காரி காத்தாயியும் பார்த்தாள். அன்று முதல் அவள் இடது பக்கம் துடைப்பதில்லை. "அங்கிட்டு நீங்களே தொடைச்சுக்கங்க ஆத்தா, ஐயா முன்னால குனிஞ்சு நிக்க எனக்குக் கூச்சமா இருக்கு" என்கிறாள்.

ஜனவரியில் நடந்ததை நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். பட்டாளத்து லாரி ஓட்டப் போனானே நம் பழைய டிரைவர் ஆவுடையப்பன், அவன் ஒரு நாள் முன்பக்கத்து மட்கார்டில் நின்றான். "எப்பப்பா வந்தே" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன், யாரும் இல்லை. மட்கார்டில் மட்டும் சின்னதாக, முழு உருவமாக நின்றான். உடுப்பு இருந்தது, காலில் பூட்ஸ் இல்லை. சர்க்கார் பூட்ஸ் கொடுப்பதில்லையா என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டான். பதினோரு நாள் கழித்து அவன் பெண்சாதி மருதாயி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, "இங்கிலீசுல இருக்கு, என்னன்னு படிச்சுச் சொல்லுங்க ஆத்தா, லீவு குடுத்துருக்காகளா" என்றாள். அதில் அவன் இறந்ததாகப் போட்டிருந்த தேதி, நான் அவனைப் பார்த்ததற்கு முந்திய நாள். அந்தப் பதினோரு நாளும் நான் அவள் வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தேன். அது என் கோழைத்தனம். அதை இன்னும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சாமியாரிடம் சொல்லவில்லை.

இனி உங்கள் ஆளைப் பற்றி. பொன்னமராவதியில் அரிசி மில் வைத்திருக்கும் ஆண்டியப்பன் நீங்கள் அனுப்பியபடி வண்டியை விலைக்குப் பார்க்கப் போன மாதம் வந்தார். மரியாதை தெரிந்த மனிதர், செருப்பை வாசலில் கழற்றினார். "கண்ணாடி தோத்துப்போகும்ங்க ஆத்தா" என்று சொல்லிக் கதவைப் பார்த்து மீசையை ஒதுக்கினார். பிறகு, "பின்னாடி நிக்கிறது ஆருங்க" என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். "கும்பிடுறேனுங்க" என்று கதவைப் பார்த்தபடியே கும்பிட்டுவிட்டு, மரியாதைக்காகத் திரும்பினார். முருங்கை மரத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காத்தாயி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்து, மெதுவாக, "ஐயாவும் வண்டியோட வாராகளா, இல்ல இங்கனயே இருந்துக்கிடுவாகளா" என்று கேட்டார். அதை அவரிடமே கேளுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. புது வண்டி எங்கும் கிடைக்காத காலம் ஆனதால் வேண்டாமென்றும் சொல்லவில்லை. "மினுக்க மட்டும் கொஞ்சம் கொறச்சுக் குடுங்க. எட்டத்துல பாத்தா பளபளன்னு இருக்கணும், கிட்டக்க வந்தா ஆரும் தெரியக் கூடாது" என்று சொல்லிப் போனார். இந்த விசித்திரமான ஆர்டரை நீங்களும் ஒப்புக்கொண்டு உங்கள் திருச்சிக் கடையிலிருந்து இரண்டு டப்பாவும் ஒரு பாட்டிலும் அனுப்பிவைத்தீர்கள். ஒவ்வொன்றையும் சோதித்து எழுதச் சொல்லியிருந்தீர்கள். சோதித்துவிட்டேன்.

சிவப்பு டப்பா. இது மெழுகே அல்ல. பழைய மெழுகையும் மங்கிய வர்ணத்தையும் அரித்து எடுக்கும் பாலிஷ். முதலில் இதைப் போட்டு, பிறகுதான் மெழுகு போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும், நீங்கள் எழுதத் தேவையில்லை. இரண்டு தரம் தேய்த்தால் எல்லாம் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் என்றால் யார் என்று எழுதவில்லை. இடது பின்கதவில் ஒரு கையகலம் தேய்த்தேன். தள்ளி நின்ற காத்தாயி, "நிறுத்துங்க ஆத்தா, ஐயாவோட தோளக் காணோம்" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். இடது தோளும் மேல்கையும் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு வர்ணம் இருந்தது. அவர் அந்த இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் வலது கையால் அந்தப் பக்கத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். டப்பாவை மூடி மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டேன்.

நீல டப்பா. நல்ல வாசனை, நல்ல பளபளப்பு, விரலில் ஒட்டாது. முன்கதவில் நேற்றுப் போட்டேன். ஆண்டியப்பன் கேட்டதுபோல யாரும் தெரியாமல் இல்லை, தெளிவாகத் தெரிவதுதான் இல்லை. உங்கள் அண்ணன் குளத்துத் தண்ணீருக்கு அடியில் நிற்பவர்போல் அசைகிறார். வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். இத்தனை வருஷம் பேசாதவர் இப்போது எதையோ சொல்ல வருகிறார், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப, உங்கள் மெழுகு அதைக் கலக்கி அடிக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை.

பாட்டில். நியாயத்தைச் சொல்ல வேண்டும், சக்கரத்துக்குப் பூசும் இந்தத் திரவம் முதல் தரமானது. வார்னிஷ்போல் காய்ந்து இறுகிக்கொள்கிறது. நம் ஊர்ச் செம்மண் புழுதி காற்றில் வந்து விழுந்தாலும் ஒட்டாமல் சரிகிறது. சமஸ்தானத்து ரோடு போட்டுப் போட்டே காலத்தைக் கழித்த உங்கள் அண்ணன் சக்கரத்தில் புழுதி இருந்தால் வண்டியில் ஏற மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும், இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நான்கில் மூன்று சக்கரத்துக்குப் பூசினேன். சக்கரத்தின் நடுவில் வெள்ளித் தட்டுப்போல் ஒரு மூடி இருக்கிறதே, அதில் இப்போது அவருடைய கால்கள் தெரிகின்றன. வெறுங்கால்கள். பழுப்பு பூட்ஸ் போட்டுத்தான் பெட்டியில் வைத்தோம், நீங்களே குனிந்து லேஸ் கட்டினீர்கள். ஆவுடையப்பனும் வெறுங்காலோடுதான் வந்தான். அங்கே பாதரட்சை அனுமதிப்பதில்லை போலிருக்கிறது. சரியான ஏற்பாடு என்றே சொல்வேன். நான் மெருகிட்ட தரையில் அடக்கத்தன்றும் பூட்ஸோடு நடந்தவர் நீங்கள் ஒருவர்தான், உங்கள் அறையைத் தாழிட்டுக்கொள்ளாமல் நீங்கள் பூட்ஸைக் கழற்றி இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

ஆகவே என் முடிவு. ஆண்டியப்பன் வருகிற திங்கட்கிழமை வண்டியைக் கட்டி இழுத்துப்போக மாடுகளோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதை நீங்கள் நிறுத்த வேண்டும். வண்டி போனால் அவரும் போய்விடுவார். பொன்னமராவதியில் மில்லுக்கு முன்னால், தவிட்டுத் தூசிக்குள், முன்பின் தெரியாதவர்கள் மீசை ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு தோள் இல்லாமல் அவர் நிற்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவரை ஒரு தரம் அனுப்பிவைத்தேன், முறையாக, ஆறு மெழுகுவர்த்தியோடு. இரண்டாம் தரம் அனுப்ப என்னால் முடியாது. இதைக் கெஞ்சலாக எடுத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். தவசு காலத்தில் மாமிசத்தை விலக்கவும். அன்னை மரியாள் உங்களைக் காப்பாளாக.

மதினி,
மரிய சொர்ணம்

பின்குறிப்பு. புதன்கிழமை காலை. கடிதத்தை ஒட்டுவதற்கு முன், அரைகுறையாக ஒரு வேலையை விட்டுவைக்கப் பிடிக்காமல் நான்காவது சக்கரத்துக்கும் பாட்டிலில் மிச்சமிருந்ததைப் பூசினேன். காய்ந்ததும் மூடியில் உங்கள் அண்ணனின் கால்கள் தெரிந்தன. பக்கத்தில் இன்னொரு ஜோடி. வெயிலே படாத வெளுத்த கால்கள், பூட்ஸில் நெருங்கி நெருங்கி ஒடுங்கிப்போன விரல்கள். இடது காலில் எண்ணினேன். மூன்று தரம் எண்ணினேன். காத்தாயியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். "ஆறுதாங்க ஆத்தா. ஆரு காலுங்க அது" என்றாள்.

அவளிடம் நான் சொல்லவில்லை. நான் கல்யாணமாகி வந்த வருஷம் கிணற்றடியில் உங்கள் இடது காலில் முள் எடுத்தபோது, யாரிடமும் சொல்லாதீங்க மதினி என்று ஒன்பது வயதில் அழுதீர்கள். இன்றுவரை சொன்னதில்லை. நீல டப்பா மெழுகுக்குள்ளிருந்து உங்கள் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் தம்பி என்பதுதான் என்று இப்போது தெரிகிறது.

மேலே எழுதிய எதையும் மனதில் வைக்க வேண்டாம். வண்டியை விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். சிவப்பு டப்பாவை வைத்து முழுதும் தேய்க்கச் சொன்னாலும் தேய்க்கிறேன். பூட்ஸோடு என் வீட்டுக்குள் எத்தனை தரம் வேண்டுமானாலும் நடக்கலாம், நானே கூடத்தைத் துடைத்துக்கொள்கிறேன். இந்த முறை நான் பதினோரு நாள் காத்திருக்கப் போவதில்லை, இதைக் காத்தாயியிடம் கொடுத்துக் காலைத் தபாலிலேயே போடச் சொல்லுகிறேன். கடிதத்தின் தொடக்கத்தில் உங்கள் சுகத்தை வழக்கத்துக்காகக் கேட்டிருந்தேன். இப்போது கேட்கிறேன். டைப் அடிக்காமல், குமாஸ்தாவிடம் கொடுக்காமல், உங்கள் கையாலேயே ஒரு வரி பதில் எழுதி அனுப்பவும்.