மாட்டுக்குச் சொல்லியாச்சா?

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் எல்லாக் காரியத்துக்கும் ஒரு முறை உண்டு. காது குத்தும்போது பிள்ளையை யார் மடியில் வைப்பது, துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பலாமா, சம்பந்தி வீட்டில் எத்தனை தடவை கூப்பிட்ட பிறகு சாப்பிட உட்காரலாம் என்று எல்லாம் தீர்மானமாகியிருக்கிறது. கல்யாணம் ஆகாத இரண்டு பேர் சேர்ந்து குடியேறிப் பால் காய்ச்சினால் என்ன முறை என்பதை மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். விளைவு, ஒரு பசுமாடு தெருவில் ஓடியது.

அப்போது நான் ஒரு நாளிதழில் நிருபர். கதிர், அன்னவாசல் பக்கத்தில் கால்நடை மருத்துவர். முதலில் ஒரே வீட்டில் இருந்து பார்ப்போம், பாத்திரம் கழுவுவது யார் என்று தெரிந்த பிறகு கல்யாணத்தைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கட்சி. கதிருக்கும் சம்மதம். (அவருக்கு அப்போது கழுவத் தெரியாது.) வீட்டுக்காரர்களுக்குத்தான் சம்மதமில்லை. பார்த்த இடமெல்லாம் "ஃபேமிலிக்கு மட்டும்" என்றார்கள். பொய் சொல்லி வீடு பிடிக்க மாட்டேன் என்று நான் வேறு வீம்பு பிடித்தேன்.

கடைசியில் ராஜாத்தி அக்கா அகப்பட்டார். கணவர் குவைத்தில் இருந்தார். அக்கா மாடியில் இருந்துகொண்டு கீழ்வீட்டை வாடகைக்கு விட்டார். உண்மையைச் சொன்னதும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாலிய நா கேக்கல. அது ஒங்க பாடு. ஆனா பால் காய்ச்சுற அன்னைக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் பெரியவங்க ஒருத்தராவது வந்து கை நனைச்சுட்டுப் போகணும். நாளைக்குத் தெருவுல எவளாச்சும் கேட்டா, பெத்தவங்களே வந்து தின்னுட்டுப் போயிட்டாங்க, ஒனக்கென்னடின்னு நான் திருப்பிக் கேக்கணும்ல?"

"வராட்டி?"

"வராட்டி பாலக் குடிச்சுட்டு, சாமான வண்டியில திருப்பி ஏத்திருங்க."

கதிரின் அம்மா மணமேல்குடியிலிருந்து வருவதாக ஒத்துக்கொண்டார். என் பக்கத்தில் அப்பா மட்டும்தான். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்குக் கீரனூர்ப் பக்கம் விவசாயம். போன் செய்தேன்.

"தாலியக் கட்டிட்டு வீடு புடிங்கத்தா, நானே வந்து அடுப்பு மூட்டுறேன். இல்லேன்னா அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்பா வராவிட்டால் வீடு இல்லை. வீடு போனால் போகட்டும், அப்பா வராத வீட்டில் எனக்குச் சோறு இறங்காது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. (அதைக் கதிரிடம் சொல்லவில்லை. வீம்பு.) எனவே ஒரு திட்டம் போட்டேன். தாலி ஒன்றுதான் இல்லை, மற்றபடி முறையில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தால் அப்பா இளகிவிடுவார். பந்தல், வாசலில் வாழைமரம், மாவிலை, சொந்தவீடு கட்டியவர்கள் போலப் பசுவும் கன்றும். "வாடகை வீட்டுக்கு மாடு வந்து நான் பாத்ததில்லைங்க" என்றார் பந்தல்காரர். ஒவ்வொரு ஏற்பாட்டையும் அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. "மாடும் வருதுப்பா" என்று அனுப்பியதற்கு மட்டும் "என்ன மாடு" என்று வந்தது.

மாடு கதிரின் ஏற்பாடு. பால்காரர் சின்னையாவுடையது. "எனக்குத் தெரிஞ்ச மாடுதான். ரொம்ப சாது" என்றார். ஒரு வாய்க்கால் தூர் வாரிய செய்தியைக்கூட இரண்டு பேரிடம் விசாரித்து எழுதுகிறவள் நான். அந்த மாட்டைக் கதிர் பார்த்த வேளையெல்லாம் அது கட்டிப்போடப்பட்டிருந்தது என்பதையும், கடைசியாகப் பார்த்தது கோமாரி ஊசி போட என்பதையும் விசாரிக்கவில்லை.

பால் காய்ச்சும் நாள் விடிந்தது. வந்தவர்களுக்கு எங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. அலுவலக நண்பர் ஒருவர் கொண்டுவந்த சுவர்க்கடிகாரத்தின் மேல் என் பெயரை எழுதி, பக்கத்தில் "மற்றும் டாக்டர்" என்று போட்டிருந்தார். எதிர்வீட்டு அம்மா குங்குமச்சிமிழை என்னிடம் நீட்டி, யோசித்து, பின்னுக்கு இழுத்து, மறுபடி நீட்டினார். கதிரின் அம்மா யாரிடமும் எதுவும் விளக்காமல், பால் பொங்குவதற்குக்கூடக் காத்திராமல், முதல் பந்தியில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டார்.

கடிகார நண்பர் என் காதருகே வந்தார். "ஒங்க அப்பா முக்குல டீக்கடையில நிக்கிறாருங்க. கேட்டா, ஒரம் வாங்க வந்தேங்கிறாரு."

அந்த நேரத்தில் உரக்கடைக்காரர் எழுந்திருக்கவே மாட்டார்.

நான் வாசலுக்கு ஓடினேன். அப்பா கையில் டீ டம்ளருடன் எங்கள் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எதிர் பங்க்கில் பெட்ரோல் விலை எழுதிய பலகையைப் படிப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சின்னையா மாட்டையும் கன்றையும் லோடு ஆட்டோவிலிருந்து இறக்கினார். கன்று யாருடைய அழைப்புக்கும் காத்திராமல் வீட்டுக்குள் போனது. பசுவும் பின்னாலேயே படியேறியது. அப்போது பட்டு வேட்டியில், கையில் வாழைப்பழச் சீப்புடன், கதிர் உள்ளேயிருந்து வந்தார்.

"வா லட்சுமி, வா."

லட்சுமி அந்தக் குரலைக் கேட்டது. ஆளைப் பார்த்தது. வந்த வழியே பின்வாங்கியது. ஒரு பந்தல்காலும் ஒரு வாழைமரமும் சாய்ந்தன. சின்னையாவின் கையிலிருந்து கயிறு உருவியது. மாடு தெருவில் இறங்கி டீக்கடையை நோக்கி ஓடியது.

டீக்கடை வாசலில் பழத்தோல் வாளி இருந்ததால் அங்கே நின்றது. அப்பா குனிந்து கயிற்றை எடுத்தார்.

"யாருதுய்யா இது, புடி" என்று டீக்கடைக்காரரிடம் நீட்டினார்.

"எனக்கு மாடுன்னா ஆகாதுண்ணே."

சின்னையா மாடு மிதித்த காலைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார். கதிர் உதவிக்கு வந்தார். அவர் ஒரு அடி எடுத்து வைத்ததும் மாடு அப்பாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

"டாக்டரே, கும்புட்டுக் கேக்குறேன், கண்ணுல படாம எங்கிட்டாவது போங்க" என்றார் சின்னையா. கதிர் பழச் சீப்புடன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் உள்ளேயிருந்த கன்று தாயைத் தேடிக் கத்தியது. பசு காதைத் திருப்பியது. பிறகு வந்த வேகத்திலேயே திரும்பியது. கயிற்றை விட்டிருக்கலாம். அப்பா விடவில்லை. வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, செருப்பில் ஒன்றைத் தெருவில் விட்டுவிட்டு, பந்தலைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, மாட்டுக்குப் பின்னால் எங்கள் வீட்டு நடுக்கூடத்துக்கு வந்து நின்றார். மிதிக்க மாட்டேன் என்ற படியை உண்மையிலேயே மிதிக்கவில்லை. தாண்டித்தான் வந்தார்.

எல்லோரும் மறந்துபோயிருந்த பால் அடுப்பில் பொங்கி வழிந்தது. ராஜாத்தி அக்கா குலவை போட்டார்.

அப்பா மூச்சு வாங்கினார். கன்று பால் குடிப்பதைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் பையன் எங்க?"

"பாத்ரூம்லப்பா."

"எதுக்கு?"

"மாட்டுக்குப் பயந்து."

"மாட்டு டாக்டருன்ன?"

"ஆமாப்பா."

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அண்ணே, எலை போட்டாச்சு, வாங்க" என்றார் ராஜாத்தி அக்கா.

"நா வரல தங்கச்சி. மாடு இழுத்துட்டு வந்துருச்சு."

"மாடு இழுத்தாலும் பசிக்கும்ல?"

அப்பா கை நனைத்தார். இரண்டாவது தடவை சாம்பார் கேட்டார். பிறகு குளியலறைக் கதவைத் தட்டி, "மாட்ட ஏத்தியாச்சு தம்பி, வெளிய வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்துவிட்டார். வரும்போதெல்லாம் ஒரு பை கடலை வரும். இன்றும் யாராவது கேட்டால், தான் அந்த வீட்டுக்குப் போகவில்லை, இழுத்துப் போகப்பட்டதாகத்தான் சொல்வார். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், எல்லோருக்கும் சொல்லியாச்சா என்று கேட்பதில்லை. "மாட்டுக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பாத்திரம் கழுவுவது கதிர்தான் என்று ஐயமற உறுதியாகிவிட்டது. வருகிற தையில் கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்ததும் அப்பா முதல் பத்திரிகையில் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு சின்னையா வீட்டுத் தொழுவத்துக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். கதிர் தெருமுனையிலேயே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார்.