ரத்தத்துக்கு டியூட்டி போட்ட ரிலீஃப் அண்ணன்

தன் ரத்தத்துக்கே டியூட்டி நேரம் போட்டுக் கொடுத்தவர் சிங்கப்பூரில் ஒருவர்தான். உட்லண்ட்ஸில் நான் காவல் பார்க்கும் கொண்டோ குடியிருப்பின் சூப்பர்வைசர் அவர். ரிலீஃப் எனப்படும் மாற்று ஆள் வராமல் எவனையும் கேட்டை விட்டு நகரவிட மாட்டார். வந்துவிட்டாலோ, பழைய ஆளை அந்த நொடியே வீட்டுக்கு விரட்டுவார். அதனால் அவர் பெயர் ரிலீஃப் அண்ணன்.

அண்ணனுக்குக் கல்லீரலில் ஹெபடைடிஸ் பி வைரஸ். பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது, வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோதுதான் அகப்பட்டது. டாக்டர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். வைரஸ் போகாமலே இருப்பதால், அதை எதிர்க்கும் செல்கள் ஓய்வில்லாமல் சண்டை போட்டுக் களைத்துவிட்டன. எதிரில் சாப்பாடு இருந்தாலும் அதைச் சக்தியாக்கும் அடுப்பே அவற்றுக்குள் மங்கிவிட்டது.

அண்ணன் மனதில் நின்றது சாப்பாடு மட்டும்தான். மறுநாளிலிருந்து தேக்கா மார்க்கெட்டில் இரண்டு பொட்டலம் பிரியாணி. ஒன்று தனக்கு, மற்றது உடம்புக்குள் காவல் நிற்கும் அந்த ஆட்களுக்கு. ஆட்கள் தேறினார்களோ என்னவோ, அண்ணனின் சட்டைப் பொத்தான் தெறித்து, வழி கேட்க வந்த ஒரு அம்மாவின் கோப்பிக் குவளைக்குள் விழுந்தது. அடுத்த முறை டாக்டர் பிரியாணியைத் தடுத்து, மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

அண்ணன் ஒழுங்காகப் போட்டார். வைரஸ் அடங்கிவிட்டது என்று ரத்தச் சோதனை சொன்னது. எங்கள் எல்லாருக்கும் நுரை பொங்கும் தே தாரிக் டீ வாங்கித் தந்தார். சில வாரம் கழித்து, அவர் மாத்திரையைத் தொடுவதே இல்லை என்று கவனித்தேன். குட் மார்னிங் சொல்லவே தலையைக் குனிந்துகொள்கிறவன் நான். இருந்தும் கேட்டுவிட்டேன்.

"மாத்திரைதானே ரிலீஃப் ஆளு, அவனத் திருப்பி அனுப்பிட்டேன்லா," என்றார். "பழைய ஆளுங்க நல்லாத் தூங்கி எழுந்துட்டாங்க. இனி அவங்க பாத்துக்குவாங்க."

டாக்டரைக் கேட்டீர்களா என்றேன். டியூட்டி மாற்றுவது சூப்பர்வைசர் வேலை என்றார்.

டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினால் கல்லீரலே போய்விடலாம் என்று அவர் எச்சரித்ததை, இதே அண்ணன்தான் என்னிடம் சொல்லியிருந்தார். நான் விடவில்லை.

"அண்ணே, போன வருஷம் மாசக்கணக்கா டபுள் ஷிஃப்ட் பாத்தாரே முத்து. லீவு முடிஞ்சு வந்தும் பொட்டலத்தப் பிரிச்சு வச்சிட்டு, சாப்பிட முடியாம உக்காந்திருந்தாரு. அவரத் தனியா கேட்ல விட்டீங்களா?"

"எப்படிடா விடறது? அவன்தான் தேறவே இல்லையே."

"உள்ள இருக்கறவங்கள மட்டும் தனியா விட்டுட்டீங்களே, அண்ணே."

அண்ணன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். போனை எடுத்து டாக்டரிடம் நேரம் கேட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடவே போனேன். வைரஸ் மறுபடி தலை தூக்கியிருந்தது. கல்லீரல் வீங்க ஆரம்பித்திருந்தது. நல்லவேளை, சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டர். களைத்த செல்கள் முழுக்கப் பழையபடி ஆகுமா தெரியாது, மாத்திரை இருக்கும்வரை அவற்றின் பாரம் குறையும் என்றார். அண்ணன் குழந்தைபோலத் தலையாட்டினார்.

இப்போது தினமும் காலையில் என் கண் முன்னால்தான் மாத்திரை போடுகிறார். எனக்கு ஓய்வு நாள் என்றால் போன் வரும். "போட்டாச்சுலா" என்பார், வைத்துவிடுவார். அது காதில் விழுந்த பிறகுதான் நான் கோப்பியை வாயில் வைக்கிறேன். சில நாள் ஆறிப்போய்விடுகிறது. பரவாயில்லை.