பெண் பார்க்க வந்த கோல்கீப்பர்

காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும். கல்லூரி சிலரை விடுவதே இல்லை. பட்டம் வாங்கி, கல்யாணம் பண்ணி, தலை வழுக்கையான பிறகும் கல்லூரி அணி எங்கே பந்து உதைத்தாலும் அங்கே போய்த் தொண்டை கட்டக் கத்தும் இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு மரக்காணம் உப்பளக்காரர் பஞ்சநாதன் போதும்.

கல்லூரிக் கால்பந்து அணியில் அவர் லெஃப்ட் பேக். இப்போது உப்பு வாரும் ஆட்களுக்குக் கல்லூரி நிறத்தில் பனியன் தைத்துக் கொடுத்திருக்கிறார். அணி ஜெயித்தால் தெருவுக்கே பிரியாணி. தோற்றால் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. மனைவி தையல்நாயகி பழகிவிட்டார். வேறென்ன செய்வார்?

2005 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் செந்தமிழைப் பெண் பார்க்க வானூரிலிருந்து வேனில் வந்தார்கள். அதே நேரம் ஊர் மைதானத்தில் கல்லூரி அணிக்கு ஆட்டம். கோல்கீப்பருக்கோ வயிற்றுப்போக்கு. பஞ்சநாதன் வேனை மைதானத்து வாசலிலேயே மறித்தார். பட்டு வேட்டியோடு இறங்கிய மாப்பிள்ளை சக்கரபாணி பேங்க் கிளார்க்; நல்ல உயரம். உயரம்தான் வினை.

"மாப்ள, அஞ்சு நிமிஷம் கோல்ல நில்லுங்க."

"நான் உங்க காலேஜ் இல்லீங்களே."

"எங்க வீட்டு மாப்பிள்ளைன்னா எங்க காலேஜ்தாங்க."

நடுவரும் பஞ்சநாதனோடு படித்தவர். விதிகளில் மாப்பிள்ளைக்குத் தடை இல்லை என்றார்.

சக்கரபாணி வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். பந்து வந்தது, மரியாதையாக விலகி வழிவிட்டார். இன்னொன்று வந்தது, அதற்கும் விட்டார். ஆறாவதற்கு விலகியபோது வேட்டி மட்டும் கோல் கம்பத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. வேனிலிருந்த பெண்கள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வீட்டில் பஜ்ஜி ஆறிக் கிடந்தது. "இந்தச் சம்பந்தம் சரிப்படாது" என்றார் பஞ்சநாதன். மாப்பிள்ளையின் அப்பாவும் அதையேதான் சொன்னார். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தையல்நாயகி அழ ஆரம்பித்தார். அப்போது காபித் தட்டோடு வந்த செந்தமிழ், சக்கரபாணி எதிரே நின்றாள்.

"நெஜமாவே உங்களுக்கு ஃபுட்பால் தெரியாதுங்களா?"

"இன்னிக்குத்தாங்க கிட்டத்துல பாக்குறேன்."

"எந்த டீமுக்காவது கை தட்டுவீங்களா?"

"எதுக்குங்க?"

செந்தமிழ் அம்மாவிடம் திரும்பினாள். "பந்து வந்தா ஒதுங்கிப் போற ஆளும்மா. எனக்கு இவரு போதும்."

தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவர் வாயைத் திறக்குமுன், கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக அவரை முந்திக்கொண்டு, "தட்டு மாத்திக்கலாம், உக்காருங்க" என்றார். தையில் கல்யாணம் முடிந்தது. பஞ்சநாதனும் தோற்ற பழியை நடுவர் தலையில் போட்டுச் சமாதானமாகிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அடுத்த முறை நீங்கள் "எங்க காலேஜ்ல..." என்று தொடங்கும்போது எதிரே இருப்பவர் செருப்பைத் தேடுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். போட்டுக்கொண்டு போவதற்கா, கையில் எடுப்பதற்கா என்பது நீங்கள் எத்தனையாவது முறை சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.