பிலோமினாவை விட்டுடு, செம்மறியை எடுத்துக்கோ

பார்ண்டானா, கங்காரு தீவு
18 ஜூன் 1991, செவ்வாய்

இல்லை லாக்லன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி, இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பேன். என் பிலோமினாவை அந்த விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடு. மற்றபடி மாதா தயவில் நானும் கோழிகளும் நலம்.

தப்பு என் வாய்மேலதான். ஞாயித்துக்கிழமை நீ என் சமையல்கட்டுல உக்காந்து, விண்வெளியில, உடம்புல எடையே தெரியாத இடத்துல, வயித்துப்பிள்ளை எப்படி வளரும்னு பார்க்க எலியா, கினிப்பன்றியா, செம்மறியான்னு முழிச்சுக்கிட்டு இருந்தே. நான் சும்மா இருந்திருக்கலாம். "வாலபின்னா சின்னக் கங்காருதானே, அதோட குட்டி மொச்சைக்கொட்டை அளவுல பொறந்து, கண்ணு தெரியாமலே அம்மா மயிரைப் புடிச்சு ஏறிப் பைக்குள்ள போயிடும்டா. மேலே எதுன்னு அதுக்கு யார் சொல்றா?"ன்னு கேட்டேன். நீ டீயைக் கீழ வெச்சுட்டே.

"அத்தை, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"இங்கதான், துணி துவைச்சுக்கிட்டு."

உடனே விண்ணப்பத்துல வாலபின்னு எழுதி, கவரை ஒட்டி, தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே கொடுத்துட்டுக் கப்பலேறிட்டே. அதுல என் வாலபி பிலோமினா பேருதான் முதல்ல. அம்மா பைக்குப் பதிலா தலையணை உறையில தொங்கவிட்டு நான் வளத்த பிள்ளை லாக்லன் அது, இப்பக்கூட பையில குட்டி வெச்சிருக்கு.

அதான் செம்மறியே மேல்னு உனக்குக் காட்ட, பக்கத்துப் பண்ணை ட்ரெவரோட சினை ஆட்டை நேத்து வண்டியில ஏத்தினேன். மழையில பின்னாடி நிக்கவைக்க மனசு வரல, பக்கத்து சீட்லயே உக்கார வெச்சேன். ஓடைக்கிட்ட மேட்டுல வேகமாப் போனா வயிறு ஒரு நொடி மிதக்குமே, அங்க மூணு தடவை போய்ட்டு வந்தோம். ட்ரெவர் வேலிக்கிட்ட நின்னு, "என்ன லியோனி, என் ஆட்டைப் பூசைக்கா கூட்டிட்டுப் போறே?"ன்னான். "உன்னைவிட அது ஒழுங்கா வரும்"னேன். ஆடு ஒரு சத்தம் போடல. சீட்ல கிடந்த ரெண்டு பழுப்புக் கவர்ல ஒண்ணைத் தின்னுச்சு, அவ்வளவுதான். நல்லவேளை, அது ஃபாதருக்கு அனுப்ப வெச்சிருந்த கோயில் பூ அலங்காரப் பட்டியல். மிச்சமிருந்த உன் கவரை நேராக் கொண்டுபோய் என் கையாலேயே பெட்டியில போட்டேன். போடாதேன்னு ஒரு மனசு சொல்லுச்சு. ஆனா நம்பிக் கொடுத்ததை மறைச்சுட்டு, ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல என்னன்னு சொல்றது?

அதனால வெள்ளிக்கிழமைக்குள்ள விண்ணப்பத்தைப் பார்க்கிற கமிட்டிக்குப் போன் போட்டு, செம்மறின்னு மாத்திடு. உங்க அப்பாவைக் கேட்டதாச் சொல்லு. மாதா உன்னைக் காப்பாத்தட்டும், சளிக்கு மருந்து சாப்பிடு.

பிரியமுள்ள அத்தை
லியோனி

பி.கு.: கமிட்டிக்குப் போன் போட வேண்டாம். பூப் பட்டியல் தொலையக்கூடாதுன்னு அந்தக் கவர்மேல அந்தோணியார் படம் ஒட்டியிருந்தேன். உன் கவர்ல படம் எதுவும் இல்ல. இப்பதான் ஞாபகம் வருது, நேத்து பெட்டியில போடும்போது அந்தோணியாருக்கு ஒரு முத்தம் கொடுத்துட்டுத்தான் போட்டேன்.