இஞ்சின் சித்தரின் எண்ணெய்க் காப்பு

வெள்ளிக்கிழமை காலையில் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் டாக்சி கிடைப்பது நின்றுபோயிற்று. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் தோள்பையோடு வெயிலில் காய்ந்தார்கள். டாக்சிகளெல்லாம் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைச் சுவரோரம் வரிசை கட்டி, பானெட்டைத் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பக்கத்தில் நின்ற டிரைவர்களும் அப்படித்தான்.

மனிதருக்குப் பேய் ஓட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிறையப் பேர். போட்டி தாங்காது. அதனால் புதிதாக வந்திறங்கிய சித்தர் இஞ்சினுக்குப் பேய் ஓட்டினார்.

கூப்பிடு தூரத்தில், கல்பாக்கத்தில், அணு உலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே அணுவைப் பிளக்க ஏற்பாடு. இங்கே எலுமிச்சம்பழத்தை.

சித்தரின் சாஸ்திரம் சுலபமானது. இஞ்சினில் 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? ரோட்டில் அடிபட்டுச் செத்தவனின் ஆவி உள்ளே உட்கார்ந்து தட்டுகிறது. இருக்கிற எண்ணெயை வடித்துவிட்டுச் சித்தரின் எண்ணெய்க் காப்பை ஊற்ற வேண்டும். காணிக்கை கடை விலையைப்போல் நாலு மடங்கு. டப்பாவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதுதான் ஆவி வெளியேறும் வாடையாம். மூக்கைப் பிடித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்வது லேசான காரியமில்லை. டாக்சிக்காரர்கள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார்கள்.

சத்தம் நின்றது உண்மைதான். அழுகிற குழந்தையின் வாயில் களிமண்ணை அடைத்தாலும் சத்தம் நிற்கும்.

டாக்சிக்காரன் சடையனின் வண்டி காப்பு ஊற்றிய ஒன்பதாம் நாள், திருக்கழுக்குன்றத்துத் திருப்பத்தில் இஞ்சின் இறுகி நின்றது. சித்தர் கண்ணை மூடி விசாரித்தார்.

"வண்டியில் மீன் கூடை ஏற்றினாயா?"

கடற்கரையில் மீன் கூடை ஏற்றாத டாக்சி எங்கே இருக்கிறது? "ஏத்தினேன் சாமி" என்றான் சடையன்.

"அதுதான்."

கூட்டம் சடையனைக் காறித் துப்பாத குறை. அவனும் ஒப்புக்கொண்டு, வெள்ளிதோறும் நடந்தே வந்து பரிகாரமாகச் சாமியின் வாசலைக் கூட்டினான்.

டிரைவர் நீலமேகத்தின் முறை ஐந்தாவது வெள்ளியன்று வந்தது. அவனுடைய அம்பாசடர் மூன்று மாதம் ஷெட்டில் கிடந்து, புது பிஸ்டன் போட்டு, போன வாரம்தான் ரோட்டுக்கு வந்திருந்தது. வந்த மறுநாளே 'டக் டக்'. அன்றிலிருந்து அவன் தூங்கவில்லை. இந்த இஞ்சினும் போனால் வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு, எவனோ ஒருவன் வண்டிக்குக் கூலி டிரைவராகப் போக வேண்டும்.

தம்பதியாக வர வேண்டும் என்பது சித்தரின் விதி. ஆகவே தாம்பாளத் தட்டோடு ரத்னாவும் வந்திருந்தாள். அவள் உட்கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சித்தர் போட்ட விதிகளில் அவருக்கே வினையாகப் போன விதி இதுதான்.

சீடன் வண்டிக்கு அடியில் புகுந்து எண்ணெய்த் தொட்டியின் திருகாணியைக் கழற்றினான். புது எண்ணெய் தேன்போலச் சட்டியில் வடிந்தது. சித்தர் டப்பாவைத் திறந்தார். ரத்னாவின் மூக்கு சுருங்கியது.

"யோவ், இன்னாய்யா இது? எங்கப்பா வூட்டு டிராக்டர்ல கியர் பொட்டிக்கு ஊத்துவாங்களே, அந்த நாத்தம் அடிக்குது!"

"வாய மூடு. சாமி குத்தம் ஆயிடும்" என்று கிசுகிசுத்தான் நீலமேகம்.

"பம்புசெட்டுக்கு ஆயில் மாத்தினவ நானு. இஞ்சினுக்கு முப்பது நம்பரு, கியருக்குத் தொண்ணூறு. தொண்ணூறு பாகு மாதிரி கீது பாரு. காலங்காத்தால ஸ்டார்ட் பண்ணினா மேல ஏறவே ஏறாது. அது ஏர்றதுக்குள்ள உள்ள இரும்பும் இரும்பும் காஞ்சிபோயி அரைச்சிக்கினு பூடும்."

"மந்திரிச்சா ஏறும்டி."

"மந்திரிச்சா எருமை மாடு பனைமரம் ஏறுமா?"

பனி கொட்டும் தேசமானாலும் இஞ்சின் கேட்பது தனக்கு ஏற்ற எண்ணெயைத்தான். அது மந்திரம் கேட்டது சதுரங்கப்பட்டினத்தில் மட்டும்தான்.

நீலமேகம் சடையனைப் பார்த்தான். கையில் விளக்குமாறு. அவன் வண்டியும் காப்பு ஊற்றும்வரை ஓடிக்கொண்டிருந்த வண்டிதானே? ஆனாலும் கைகூப்பியே நின்றான். நூறு பேர் நம்புகிற இடத்தில் ஒருவனுக்கு நாக்கு எழுவது கஷ்டம்.

சித்தர் டப்பாவைச் சாய்த்தார். ரத்னா தாம்பாளத்தால் இஞ்சினின் வாயை மூடினாள்.

"சாமி, ஒரு வேண்டுதல்."

"சொல், மகளே."

"மொத ஊத்து உங்க வண்டிக்கு ஊத்தணும். பாவிங்க வண்டிக்குக் கெடைக்கிற புண்ணியம் சாமி வண்டிக்கு வேணாமா?"

பனைமர நிழலில் சித்தரின் கறுப்பு பியட் பளபளத்தது. சித்தர் புன்னகைத்தார்.

"எம் வாகனத்தை ஆவி அண்டாது, மகளே."

"அண்டலேன்னா இன்னா சாமி? நல்ல எண்ணெய்தானே, ஊத்தினா கெட்டா பூடும்?"

சந்தேகப்பட்டு யாரும் அவள் பக்கம் சேரவில்லை. முற்றிய பக்தியில் சேர்ந்தார்கள். "ஆமா சாமி! அண்ணி சொல்றது நாயம்!" என்று சடையன் விளக்குமாற்றை வீசிவிட்டு, டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். நாலு பேர் பியட்டின் பானெட்டைத் தூக்கினார்கள். ஒருவன் மூடியைத் திருகினான். சடையன் கண்ணை மூடி, "சாமியே!" என்று டப்பாவைச் சாய்த்தான்.

பாதக்குறடு ஒன்று ஆகாயத்தில் பறந்தது. இஞ்சின் சித்தர் ஒரே பாய்ச்சலில் பியட்மேல் விழுந்தார்.

"டேய் கஸ்மாலம்! ஊத்தாதடா! பேரிங் பூடும்டா!"

சடையன் டப்பாவைச் சட்டென்று நிமிர்த்தினான்.

ரத்னா பியட்டின் எண்ணெய் அளவு பார்க்கும் ஆயில் கம்பியை உருவி, வாழையிலையில் துடைத்தாள். மெல்லிய, நாற்றமில்லாத, அசல் முப்பது நம்பர். நீலமேகம் நேராகச் சித்தரின் குடிசைக்குப் பின்னால் போனான். காவித் துணி சுற்றி, மாலை போட்டு வைத்திருந்த பீப்பாயின் துணியை உருவினான். 'கியர் எண்ணெய் - 90' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். சித்தரின் பழைய பெயர் திருவேங்கடம், லாரி ஷெட்டில் ஸ்டோர் பார்த்தவர் என்பதைச் சீடனே சொன்னான். கன்னத்தில் இரண்டாவது அறை விழுமுன்பே சொன்னான். அதற்குள் திருவேங்கடம் பியட்டில் ஏறிவிட்டார். வண்டி முதல் திருகலிலேயே கிளம்பிற்று. நல்ல எண்ணெய் அல்லவா!

சட்டியில் வடிந்த எண்ணெயைச் சுத்தமான துணியில் வடிகட்டி ரத்னா திரும்ப ஊற்றினாள். 'டக் டக்' சத்தத்தை மறுநாள் மெக்கானிக் பார்த்தான். வால்வைத் தட்டும் டேப்பெட் லூஸ். ஆவி ஒரு ஸ்பேனருக்கு அடங்கியது.

"அப்போ அண்ணி, என் வண்டி நின்னது மீன் கூடையால இல்லியா?" என்று கேட்டான் சடையன்.

"மீன் கூடைய தாராளமா ஏத்து மச்சான். சாமியார ஏத்தாத."

வண்டிக்குள் எவன் என்ன ஊற்றினான் என்று உருவிப் பார்க்க, வண்டியைச் செய்தவன் ஒரு கம்பி வைத்திருக்கிறான். நம் தலைக்குள் ஊற்றுகிறவர்களுக்கு அந்தப் பயம்கூட இல்லை. கம்பியை இனி நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.